ஷெல்லுக்குள்ளேயே எண்ணிய கடிதங்கள்

போன ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போயிருந்தேன். தோசைக் கடையில் ஆள் இருந்தார், பேச்சுத்தான் இல்லை. மேசையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்தைக் கைபேசியில் பிடித்து ஒரு தோசையும் ஒரு தேயும் கேட்டேன்; இங்கே தேநீருக்குத் தே என்றுதான் பெயர். தோசை வந்தது. சட்னி வந்தது. கேட்காத அப்பளம்கூட வந்தது. தே வரவில்லை.

"தே எங்கங்க?"

"அது எதிர்க் கடைலா. அதுக்கு வேற ஆப்" என்றார் கடைக்காரர், நான் ஏதோ வேறு நாட்டு விசா கேட்டதுபோல.

எதிர்க் கடையிலிருந்து இஞ்சி தட்டிப் போட்ட தேயின் வாசனை மட்டும் நடைபாதையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை. அந்த வாசனையில்தான் எனக்குச் சீனி அண்ணன் ஞாபகம் வந்தார். சீனி அண்ணனோடு என் வாழ்க்கையின் முதல் பெரிய யோசனையும், அந்த யோசனையால் ஒரு மனிதருக்கு நின்றுபோன கல்யாணமும்.

அந்த யோசனை என் தலையில் விழுந்தது இதே கூரைக்குக் கீழே. எண்பதுகளின் நடுப்பகுதி. கட்டடம் புதிது, வெளியே பலகையில் யார் வாயிலும் நுழையாத ஒரு பெயரை எழுதி வைத்திருந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "தேக்காதானே?" என்று கேட்டபடி உள்ளே போனார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் கணினி படித்து முடித்து, எனக்குத் தெரியாதது உலகத்தில் இன்னும் மூன்று நான்குதான் பாக்கி என்ற நிலையில் இருந்தேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, அலுவலகத்தில் கூட வேலை பார்த்த மரியநாயகம் அண்ணனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பரிமாறியவர் சீனி. ஒல்லியான மனிதர், தோளில் ஈரத் துண்டு. தோசை, வடை, சாம்பார், சட்னி எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில். "அண்ணே, சட்னி" என்றால் நின்ற இடத்திலிருந்தே கரண்டி சாயும், வேலை முடிந்தது. தே மட்டும் எதிர்வரிசைக் கடையில். முதல் மேசை ஒரு தே கேட்டது. ஓடினார், அங்கே வரிசையில் நின்றார், கொண்டுவந்தார். அடுத்த மேசை, "எனக்கும் ஒன்னு." மறுபடி ஓடினார். மூன்றாவது ஆளுக்குப் பால் இல்லாத தே. மறுபடி ஓட்டம். நான்காவது தடவை திரும்பி வந்து, நடைபாதை நடுவில் நின்று கத்தினார்:

"வேற யாருக்காச்சும் தே வேணுமா? இப்பவே சொல்லித் தொலைங்க, அப்புறம் போக மாட்டேன்!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் அந்த யோசனை வந்துவிட்டது.

"சீனி அண்ணன்தான் expr!" என்றேன்.

மரியநாயகம் அண்ணன் நிமிர்ந்தார். "யாரு?"

"ஒன்னுமில்லண்ணே. நம்ம லிஸ்ட் ஏன் லேட்டாகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"சீனியாலயா? பாவம்லா. அவன் நம்ம ஆபீஸ் வாசப்படிய மிதிச்சதுகூட இல்ல."

நான் பாதித் தோசையை விட்டுவிட்டு எழுந்தேன். அதற்குமேல் அங்கே பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று நினைத்தேன். அதுதான் தப்பு. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்காமல் போனேன் என்று சொல்வதற்குமுன் எங்கள் அலுவலகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு கப்பல் முகவர் நிறுவனம். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி முதல் டாக்டர் வரை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது தொழில். அதில் ஒரு சின்ன வேலை, மாலுமிகளின் தபால். வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் எங்கள் முகவரிக்குத்தான் வரும். தூத்துக்குடி, கொச்சி, மணிலா, சிட்டகாங். அந்தச் சாக்கைத் திறந்தால் ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள்: தேங்காய் எண்ணெய், பசை, யாரோ ஒரு அம்மா உறைக்குள் வைத்த திருநீறு, இன்னொரு அம்மா விதியை மீறி வைத்த கருவாடு. ஏர்கான் அறையில் அந்த வாசனை ஒரு நாள் முழுக்க நிற்கும். தட்டச்சுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மரியநாயகம் அண்ணன் மட்டும் ஆழமாக மூச்சிழுத்து, "இது நெத்திலி" என்று இனம் சொல்வார்.

அவர்தான் தபால் குமாஸ்தா. எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் சுருதிக்கு வெளியே பாடுகிறவரும் அவர்தான். காலை பத்து மணிக்குக் கிளிஃபர்ட் பியர் படகுத்துறையிலிருந்து படகு கிளம்பும். அதற்குள் கப்பலுக்கு ஒரு பை என்று கட்டி ஏற்ற வேண்டும். பல வருடமாக ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கப்பல் பெயரை எழுதி, கடிதத்துக்கு ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு என்று பென்சிலால் இழுத்து, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார். பழுது இல்லாமல் ஓடிய ஏற்பாடு. ஆகவே அதை மாற்ற வேண்டும் என்று முடிவானது.

அது நாடே கணினி கணினி என்று ஜபித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் மேலாளர் மிஸ்டர் சுவாவும் ஜபித்தார். குளிர்சாதனப் பெட்டியின் உயரத்தில் ஒரு யூனிக்ஸ் கணினி வந்து இறங்கியது. அதோடு பன்னிரண்டு முனையங்கள், ஒரு அலமாரி நிறையக் கையேடுகள், அவற்றைப் படிக்க நான். மரியநாயகம் அண்ணனின் நோட்டுப் புத்தகத்தை மிஸ்டர் சுவா வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஆயுதத்தைப் பறிமுதல் செய்வதுபோல. இனி லிஸ்டில் இருப்பதுதான் பையில் போக வேண்டும்.

"உன் புரொபேஷன் இந்த மாதத்தோட முடியுது" என்றார் என்னிடம், அவருடைய ஆங்கிலத்தில். "திங்கள் தொடங்கி ஒரு வாரம், தினமும் ஒன்பதரைக்குள்ள லிஸ்ட் என் கையில இருக்கணும். இல்லன்னா மரியா நோட்டுக்குப் போகட்டும், நீ தட்டச்சுக்குப் போ. கேன் ஆர் நாட்?"

"கேன்" என்றேன். இருபத்திரண்டு வயதில் வேறு சொல் எனக்குத் தெரியாது.

தட்டச்சு என்றால் கேவலம் இல்லை. ஆனால் என் அம்மா ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் எங்கள் மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: "எம் பொண்ணு டைப் அடிக்கல, கம்ப்யூட்டருக்கே உத்தரவு போடுறா." மின்தூக்கியில் என்னைப் பார்ப்பவர்கள் வழிவிட்டு நின்றார்கள். அந்த உத்தரவு தினமும் நாற்பது நிமிடம் எடுத்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாற்பது நிமிடம்! அறுநூறு வரிக் கோப்பு. வரிக்கு ஒரு கடிதம்: கப்பல் பெயர், ஆள் பெயர். கப்பல்வாரியாகப் பிரித்து எண்ணி அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கட்டளைகளை வரிசையாக அடுக்கி நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கினால் பன்னிரண்டு முனையங்களும் உறைந்துபோகும். தட்டச்சுப் பெண்கள் கையைத் தூக்கிவிட்டு நகத்துக்குச் சாயம் பூசத் தொடங்குவார்கள். "உத்தரவு போட்டாச்சா? போய்க் கோப்பி குடிச்சிட்டு வரலாமா?" என்பார்கள்.

சீனி அண்ணனைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்கிற நிரல். சில கட்டளைகள் அதன் உள்ளேயே இருக்கின்றன. நின்ற இடத்திலேயே முடித்துவிடும். அது சட்னி. மற்றவற்றுக்கு ஷெல் தன்னைப் போல ஒரு நகலை எடுத்து, அந்த நகலை வட்டில் கிடக்கும் இன்னொரு நிரலாக மாற்றி, அது போய் முடித்துவிட்டு வரும்வரை காத்து நிற்கும். அது தே. ஒன்றோடு ஒன்றைக் கூட்டத்தான் நான் expr என்ற வெளிக்கட்டளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டலுக்கு ஒரு ஓட்டம், கப்பல் பெயரை வெட்டியெடுக்க ஒரு ஓட்டம், இரண்டு பெயரும் ஒன்றா என்று பார்க்க ஒரு ஓட்டம். இன்னும் சில்லறை ஓட்டங்களும் சேர்ந்து வரிக்கு நான்கைந்து, அறுநூறு வரிக்கும். மூவாயிரம் தடவை நடைபாதையைத் தாண்டி எதிர்க் கடைக்கு ஓடிய சீனி அண்ணன்தான் என் ஸ்கிரிப்ட்.

புதிதாக மதம் மாறியவர்களுக்கு ஒரு வெறி இருக்கும் இல்லையா, அது எனக்கும் வந்தது. இனி வெளிக்கட்டளை என்ற பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, நான் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன். read உள்ளேயே இருக்கிறது. வரியைப் பிரிக்கவும் அது போதும். ஒப்பிட case உள்ளேயே இருக்கிறது. கூட்டலுக்கு என்ன செய்வது? எங்கள் ஷெல்லுக்குக் கணக்கு தெரியாது. ஆகவே கடிதத்துக்கு ஒரு கோடு என்று ஒரு மாறியில் கோடுகளை ஒட்டிக்கொண்டே போனேன். ஆமாம், மரியநாயகம் அண்ணனின் பென்சில் கோடுதான். அவரிடமிருந்து பறித்துப் பூட்டியதை நான் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, நவீனம் என்று பெயரிட்டேன்.

வரிசைப்படுத்தும் sort ஒரு வெளிக்கட்டளை. அதற்கும் வழி கண்டேன். திங்களுக்கான கோப்பை விடியற்காலையில் வந்து நானே வரிசைப்படுத்தினேன்; அதற்குப் பிறகு வருவதைக் கப்பல் பெயர்களின் அகரவரிசையிலேயே தட்டும்படி தட்டச்சுப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். கணினி ஒரே ஒரு தடவை வெளியே போவதைத் தடுக்க மூன்று பெண்கள் தினமும் மதியம் முழுக்கக் கடிதங்களைத் தரையில் பரப்பி அடுக்கினார்கள். இதை நான் முன்னேற்றம் என்று நம்பினேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பது அச்சுக்கு ஏற்றதல்ல.

நூற்றுநாற்பது வரி ஸ்கிரிப்ட். திங்கள் காலை ஓட்டினேன். மூன்று நிமிடம்! முனையங்கள் உறையவில்லை, நகச்சாயம் திறக்கப்படவில்லை. ஒன்பது ஐந்துக்கே லிஸ்ட் மிஸ்டர் சுவா மேசையில். அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். லிஸ்டை யாரும் பார்க்கவில்லை.

யாரும் என்றால் பொய். மரியநாயகம் அண்ணன் பார்த்தார்.

"தங்கச்சி, கடல்ல ஸரீனா நிக்குது. லிஸ்ட்ல காணோமே?"

"லிஸ்ட்ல இல்லன்னா லெட்டர் இல்லண்ணே."

"ஒரு கட்டு வந்த மாதிரி ஞாபகம்."

"ஞாபகத்த வச்சு வேலை பார்க்கக் கூடாதுன்னுதானே இத வாங்கிருக்காங்க?"

அவர் லிஸ்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைகளைத் தூக்கினார். இன்னும் இங்கே வந்துசேராத கப்பல்களுக்கான கடிதங்களும் அதே தபால் பெட்டியில்தான் கிடக்கும்; அதனால் பைகளைக் கட்டிய பிறகும் அதில் கடிதம் மீதம் இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்டார். நான் சிரித்தேன். புதன்கிழமை கேட்கவில்லை. அன்று மதியம் ஸரீனா நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஜப்பான் பக்கம் போய்விட்டது.

வியாழன் காலை என் விசைப்பலகைமேல் ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. ரப்பர் பட்டை போட்டு, மேலே ஒரு துண்டுக் காகிதம். அதில் இரண்டு முழுக் கட்டுக் கோடும் தனியாக ஒரு கோடும், பென்சிலில். பதினொன்று. எல்லாம் ஸரீனாவுக்கு. மேல் கடிதத்தில் தூத்துக்குடி முத்திரை. உள்ளே அட்டைபோல ஏதோ கெட்டியாக இருந்தது, புகைப்படம்போல.

மரியநாயகம் அண்ணன் கதவருகில் நின்றிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாபகத்துல இருந்து எடுத்தேன்லா" என்றுவிட்டுப் போனார்.

நான் கையேடுகளோடு உட்கார்ந்தேன். அந்தக் கையேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை: எல்லா உண்மையும் அவற்றில் இருந்தது, நமக்கு வேண்டிய உண்மை எப்போதும் ஒரு அடிக்குறிப்பின் பாதி வரியில் இருந்தது. cd என்ற கட்டளை ஏன் உள்கட்டளையாக மட்டுமே இருக்க முடியும் என்பதற்கு ஒரு வரி. நகல் ஒன்று போய் இடம் மாறி நின்றால் நகல்தான் இடம் மாறும், அனுப்பியவர் நின்ற இடத்திலேயே நிற்பார். எனக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் முடிவெட்டிக்கொண்டு வருவதுபோல. அதைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. ஒரே வேலையை வரிக்கு வரி திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று ஒன்றுக்குக் கோப்பிலிருந்து வரிகளை ஊட்டினால், எங்கள் ஷெல் அந்தச் சுற்று முழுவதையும் ஒரு நகலுக்குள் வைத்துத்தான் ஓட்டும்.

புரிகிறதா? வெளியாட்களே வேண்டாம் என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஷெல் என்னிடம் சொல்லாமல் தானே ஒரு நகலை எடுத்து என் வேலை முழுவதையும் அதன் கையில் கொடுத்துவிட்டது. என் ஸ்கிரிப்ட், கப்பல் பெயர் மாறும்போதெல்லாம் முந்திய கப்பலின் கணக்கை அச்சடிக்கும். கடைசிக் கப்பலுக்குப் பின் வேறு பெயர் வராது. அதனால் அதன் கணக்கைச் சுற்று முடிந்த பிறகு அச்சடிக்க எழுதியிருந்தேன். சுற்று முடிந்ததும் நகல் செத்தது. அதோடு அது கையில் வைத்திருந்த பெயரும் கோடுகளும் போயின. அச்சானது ஒரு வெற்று வரி. லிஸ்டின் கீழே மூன்று நாளும் அந்த வெற்று வரி இருந்தது. அழகுக்கு விடப்பட்ட இடைவெளி என்று நினைத்திருந்தேன். ஆங்கில அகரவரிசையில் கடைசி எழுத்தில் தொடங்கும் கப்பல் ஸரீனா.

அன்று மதியம் சாப்பிடவில்லை. கிளிஃபர்ட் பியர் வரை நடந்தேன். படகுகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. டீசல் புகையும் உப்பும் வறுத்த கடலையும் கலந்த காற்று. கடலில் பத்துப் பதினைந்து கப்பல் நின்றது, ஸரீனா நின்ற இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. அங்கே நின்றபோதுதான் சீனி அண்ணன் நடைபாதை நடுவில் கத்தியது காதில் விழுந்தது. சனிக்கிழமை கத்தியது, வியாழக்கிழமைதான் எனக்குக் கேட்டது: வேற யாருக்காச்சும் தே வேணுமா? இப்பவே சொல்லித் தொலைங்க.

அவர் தே போடக் கற்றுக்கொள்ளவில்லை. தோசைக் கல்லில் வெந்நீர் வைக்கவில்லை. எதிர்க் கடையைச் சபிக்கவும் இல்லை. எல்லா மேசையையும் ஒரே தடவை கேட்டுக்கொண்டு, ஒரே தடவை போய், தட்டு நிறையக் கொண்டுவந்தார். நான் தோசையை விட்டுவிட்டு ஓடும்போது அந்தத் தட்டு என் முழங்கையில் இடித்ததுகூட ஞாபகம் வந்தது. கண் பார்த்திருக்கிறது. தலைக்குள்தான் ஏற்கெனவே ஒரு யோசனை உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து நூற்றுநாற்பது வரியை ஏழு வரியாக்கினேன். sort ஒரு தடவை. வரி வரியாகப் படித்து எண்ணி அச்சடிக்கும் awk ஒரு தடவை. இரண்டும் அப்பட்டமான வெளியாட்கள். அறுநூறு வரியையும் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய் இருபது நொடியில் வந்து நின்றார்கள், ஸரீனாவோடு, பதினொன்று என்று. தட்டச்சுப் பெண்களிடம் போய், "இனிமே எந்த வரிசையில வேணும்னாலும் அடிங்க" என்றேன்.

"அப்ப இந்த மூனு நாள் நாங்க தரைல உக்காந்தது?"

"அது… டெஸ்டிங்."

ஒரு பேப்பர் கிளிப் என் காதோரம் பறந்தது. நியாயமான கிளிப்.

வெள்ளிக்கிழமை லிஸ்டை நான் முதலில் கையால் எண்ணினேன். பிறகு மரியநாயகம் அண்ணன் அதைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் தன் கோடுகளை இழுத்தார், என் முன்னாலேயே, அவசரமில்லாமல்.  நான் அங்கிருந்த வருடங்கள் முழுக்க எங்கள் நவீன லிஸ்டின் முதுகில் அந்தக் கோடுகள் இருந்தன.

சனிக்கிழமைக் கூட்டத்தில் மிஸ்டர் சுவா மகிழ்ச்சியாக இருந்தார். நாற்பது நிமிடம் இருபது நொடியாகிவிட்டது என்று அறிவித்தார். விற்பனை நிறுவனத்திலிருந்து வந்தவர் வியாழன் மாலை பொருத்திய கூடுதல் நினைவக அட்டைதான் காரணம் என்று அவருக்கு நன்றியும் சொன்னார். கைதட்டினோம். நானும் தட்டினேன். ஸரீனாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்று ஒரு வரி குறிப்பில் இருந்தது. என் வேலை நிரந்தரமானது. அம்மா மாடி முழுக்கப் பாயசம் கொடுத்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. இரண்டு கிண்ணம்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு காலை, வெயிலில் கறுத்த ஒரு மனிதர் அலுவலக வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். ஸரீனாவின் செராங், மாலுமிகளுக்குத் தலைவர். கப்பல் மறுபடி வந்திருந்தது.

"தபாலு வாங்கலாம்னு நானே வந்தேன்" என்றார். "போன தடவ ஏதோ கம்ப்யூட்டர் எங்க லெட்டர முழுங்கிருச்சாமே. அது எங்க இருக்குது? பாக்கணும்."

மரியநாயகம் அண்ணன் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் விரல் என் பக்கம் நீண்டது.

"இந்தா, இவங்கதான் கம்ப்யூட்டர்."

செராங் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கடிதம் அவருடைய அம்மா எழுதியது. உள்ளே பெண்ணின் படம். பிடித்திருக்கிறதா, மாதம் முடிவதற்குள் ஒரு வரி எழுது, அவர்களுக்கு வேறு இடத்திலிருந்தும் கேட்டு வருகிறது. கடிதம் துறைமுகம் துறைமுகமாக அவரைத் துரத்திப் பிடிப்பதற்குள், அந்த வேறு இடத்துக்கே பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சரக்கு இறங்கிய கணக்கைப்போலச் சொன்னார்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது விளக்கம் சொல்ல மட்டும்தான். "அண்ணே, அது வந்து, ஷெல் ஒரு நகல் எடுத்துச்சு. நாங்க எண்ணினது எல்லாம் அந்த நகலுக்குள்ள நடந்துச்சு. வேலை முடிஞ்சதும் நகல் போயிரும், அதோட…" கைகளால் வேறு காற்றில் படம் போட்டேன்.

அவர் மிகுந்த மரியாதையோடு முழுதும் கேட்டார். பிறகு கேட்டார்:

"அந்த நகலுக்காச்சும் கல்யாணம் ஆச்சாமா?"

தட்டச்சு வரிசையில் யாரோ இருமினார்கள். மரியநாயகம் அண்ணன் சாக்கைக் கட்டுவதில் மும்முரமானார். நான் அன்றைய லிஸ்டையும் அவர்கள் கப்பலின் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். லிஸ்டை அவர் மடித்து மேசையிலேயே வைத்துவிட்டார். கடிதங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். ஒன்பது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்பது.

"அதுல எத்தன போட்டிருக்கு?"

"ஒம்பதுண்ணே."

"அப்ப சரிதான்" என்றார். "இன்னைக்கு நல்லா எண்ணிருக்கே, கம்ப்யூட்டர்."

அதற்குப் பிறகு என்னை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு பாராட்டு மட்டும் இன்னும் குத்துகிறது.

கிளிஃபர்ட் பியரில் இப்போது படகு இல்லை. மேசைவிரிப்புப் போட்டு விருந்து பரிமாறுகிறார்கள். கப்பல்கள் நின்ற கடலின் ஒரு பகுதி நிலமாகி, அதன்மேல் கட்டடமும் எழும்பிவிட்டது. மாலுமிகளின் கையில் கைபேசி. பெண் படம் நொடியில் வந்து, நொடியில் வேண்டாம் என்று போகிறது. கருவாடு வாசனை வரும் சாக்கு இல்லை. சுற்றை நகலுக்குள் ஓட்டிய அந்தப் பழைய ஷெல்லும் இல்லை. சீனி அண்ணன் எந்த வருடம் கடையை விட்டுப் போனார் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "யாரு சீனி?" என்றார்கள்.

அன்று தே வாங்க நானே எழுந்தேன். எழுவதற்குமுன் சுற்றியிருந்த மேசைகளைப் பார்த்து, "யாருக்காச்சும் தே வேணுமா?" என்று கேட்டேன். முதலில் முறைத்தார்கள். பிறகு ஆறு பேர் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்ததில் அந்த நூற்றுநாற்பது வரி கிடைத்துவிட்டது. இரண்டு ஓரமும் துளையிட்ட நீளக் காகிதத்தில், மை வெளுத்து. இன்றைய ஷெல்கள் மாறிவிட்டன என்கிறார்கள். கோப்பிலிருந்து ஊட்டிய சுற்றை நகலுக்குள் வைப்பதில்லையாம். நம்பலாம்தான். நாளைக் காலை அத்தனை வரியையும் மடிக்கணினியில் தட்டி, கடைசிக் கப்பலாக ஸரீனாவைப் போட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். கீழே வெற்று வரி வருகிறதா, பதினொரு கோடு வருகிறதா?

பென்சிலைச் சீவி வைத்துவிட்டேன். முதலில் கையால் எண்ணிவிட வேண்டும்.